சாமி ஈயும் மீன் ஐஸும்

செவ்வூரணியில் ஓர் ஆண்பிள்ளைக்குப் பல்வலி என்று காதில் விழுந்தால், இருளம்மாள் உடனே பனையோலை நறுக்கு ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வாள். அந்த ஆண்பிள்ளை கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, முன்வாசலை விட்டுவிட்டு, கொல்லைப்பக்கமாகப் பதுங்கி வருவான். நாலு திசையும் பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் துண்டை எடுப்பான். பல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முனியசாமி கோயில் புளியமரத்துத் தேனீ கொட்டியிருக்கும்.

தேனீ கொட்டியதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். செவ்வூரணியில் ஒளித்துத்தான் ஆக வேண்டும்.

ராமநாதபுரத்திலிருந்து தெற்கே கடலைப் பார்த்துப் போகிற பஸ்ஸில் ஏறி, விலக்கு ரோட்டில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் இரண்டு கல் நடந்தால் வருகிற ஊர் அது. மழை பெய்தால் நெல்லும் மிளகாயும் விளையும், பெய்யாவிட்டால் வம்பு விளையும். ஊர்க்கோடியில் முனியசாமி பீடம். பீடத்துக்கு மேல் புளியமரம். மரத்தின் உச்சாணிக் கொம்பில் பாதி வண்டிச்சக்கரம் அளவுக்கு ஒரு தேன்கூடு. அதில் இருப்பது சாமி ஈ என்பது ஊராரின் நம்பிக்கை. முனியசாமியே அதை வளர்க்கிறார். கோயில் எல்லைக்குள் தப்பு செய்தவனைத்தான் அது கொட்டும். கொட்டு வாங்கியவன் ஊர் கூடிய இடத்தில் தன் தப்பைச் சொல்லி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, கோயிலுக்கு ஒரு சேவல் விட வேண்டும். செய்யாத தப்பை எப்படிச் சொல்வது? செய்த தப்பைத்தான் எப்படிச் சொல்வது? ஆகவே செவ்வூரணியில் தேனீ யாரையும் கொட்டுவதே இல்லை. பல்வலிதான் கொஞ்சம் அதிகம்.

இருளம்மாள் 1974இல் வாலிநோக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவளுடைய அய்யா உப்பளத்தில் வேலை பார்த்தவர். மழை மாதங்களில் உப்பு விளையாது. அப்போது உடைமரக் காட்டுக்குள் புகுந்து தேன் அழித்துக்கொண்டு வருவார். வரும்போது கையில் ஒரு கலயம் தேனும் உடம்பில் ஏழெட்டுக் கொட்டும் இருக்கும். தேனை அம்மா வாங்கிக்கொள்வாள், கொட்டுகள் மகளின் பொறுப்பு. அவள் கை அப்படிப் பழகிய கை.

செவ்வூரணிக்கு வந்த இரண்டாம் மாதமே முதல் பல்வலி வந்தது. வந்தவர் லேசான ஆள் இல்லை, ஊர்த்தலைவரான அம்பலம் வீரபத்திரன். இருளம்மாளின் மாமியாரிடம் சுண்ணாம்பு கேட்டு வந்திருந்தார். மாமியார் வயலுக்குப் போயிருந்தாள். அம்பலத்தின் மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. போதாததற்கு அந்த ஊர் வழக்கப்படி அரிவாளின் முதுகை வைத்து அரைமணி நேரம் தேய்த்திருந்தார். கொட்டின இடத்தில் இரும்பைத் தேய்த்தால் விஷம் இறங்கும் என்று யாரோ எப்போதோ சொன்னது.

“தேச்சா உள்ள இருக்க கொடுக்கு இன்னும் உள்ளதான மாமா போகும்? கைய எடுங்க” என்றாள் இருளம்மாள்.

“என்ன கொடுக்கு? எனக்குப் பல்லுவலித்தா.”

“சரி, பல்லுவலிதான். அந்தப் பல்லுல குத்திக்கிட்டு இருக்க கொடுக்க எடுக்கவா, வேணாமா?”

அம்பலம் வாயை மூடிக்கொண்டார், வீங்கின வாயை மூட முடிந்த மட்டுக்கும்.

அவளுடைய வைத்தியத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. கொடுக்கை விரலால் கிள்ளி இழுக்கக் கூடாது. கிள்ளினால் அதோடு ஒட்டியிருக்கிற பை நசுங்கி மிச்ச விஷமும் உள்ளே இறங்கிவிடும். ஓலை நறுக்கின் ஓரத்தை வைத்துப் பக்கவாட்டில் ஒரே சீவு சீவ வேண்டும். அதையும் சட்டென்று செய்ய வேண்டும், சாவகாசமாக உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை அது. பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணியை வைத்து அழுத்த வேண்டும். பாதி வலி அதிலேயே போய்விடும். ஆனால் வெறும் தண்ணீரை மருந்தென்று ஒப்புக்கொள்ளச் செவ்வூரணிக்காரன் இன்னும் பிறக்கவில்லை. மருந்து என்றால் எரிய வேண்டும், இல்லாவிட்டால் நாற வேண்டும், குறைந்தபட்சம் கறையாவது படிய வேண்டும். அதனால் கடைசியாக வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பாள். சுண்ணாம்பில் நம்பிக்கை உள்ளவனுக்குச் சுண்ணாம்பு ஒரு பொட்டு. மஞ்சள் என்பவனுக்கு மஞ்சள். ஆப்ப சோடா, புளிக் கரைசல், துளசிச் சாறு என்று அவரவர் வீட்டு நம்பிக்கையோடு வருவார்கள், ஒருவர் புற்றுமண்ணே கொண்டு வந்தார். கொடுக்கை எடுத்தாயிற்று, தண்ணீர் வைத்தாயிற்று, இனி எதைப் பூசினால் என்ன என்று அவள் மறுக்க மாட்டாள். கண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் எதையும் பூச விட மாட்டாள்.

வைத்தியத்துக்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பாள். “மூச்சு முட்டுதா? நாக்குத் தடிக்குதா? ஒடம்பெல்லாம் தடிப்பு ஓடுதா?” ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும் ஓலையைக் கீழே போட்டுவிடுவாள். ஒரு வருஷம் பள்ளிக்கூடத்து வாத்தியார் அப்படித்தான் வந்தார். கண்கள் சொருகி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மிளகாய் மூட்டை ஏற்றிப் போன லாரியை நடுரோட்டில் நின்று மறித்து, அவரை அதில் ஏற்றி, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். அங்கே ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். திரும்பி வந்த வாத்தியார் கடைவாய்ப் பல் படுத்தின பாட்டை வகுப்பில் ஒரு வாரம் விவரித்தார்.

இப்படியாகப் பதின்மூன்று வருஷத்தில் ஊரில் பாதிப்பேரின் வீங்கின முகத்தை இருளம்மாள் பார்த்துவிட்டாள். ஒருவரைப் பற்றியும் இன்னொருவரிடம் மூச்சு விட்டதில்லை. அவளை மட்டும் அந்த ஈக்கள் ஒரு தடவைகூடக் கொட்டவில்லை. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட இருந்தது.

இனி அவள் புருஷன் தனுஷ்கோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முனியசாமிக்குச் சாமியாடி அவன்தான். அவன் அய்யாவுக்குப் பிறகு அரிவாள் அவன் கைக்கு வந்திருந்தது. மற்ற நாட்களில் அவனைப் பார்த்தால் சாமியாடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்கே பெண்டாட்டியை முன்னால் தள்ளுகிற ஆள். ஊர்க் கூட்டத்தில் தூணுக்குப் பின்னால் உட்காருவான். ஆனால் பங்குனிப் பொங்கல் அன்று பறைச்சத்தம் கேட்டதும் அந்த ஒடிசலான உடம்பு நிமிரும். கையில் அரிவாளோடு அவன் நடந்து வரும்போது அம்பலமே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வழிவிடுவார். வருஷத்தில் அந்த ஒருநாள்தான் அவனுக்கு மிச்ச நாளையெல்லாம் ஓட்டுவதற்குத் தெம்பு. அது கையை விட்டுப் போனால் அவன் என்ன ஆவான் என்று யோசிக்கவே இருளம்மாளுக்குப் பயமாக இருக்கும்.

பறித்துக்கொள்ள ஆள் இல்லாமலும் இல்லை. தனுஷ்கோடியின் சின்னத்தா, அவன் அய்யாவின் தம்பி பெண்டாட்டி ராக்கு, தன் மகன் பால்சாமிதான் ஆட வேண்டியவன் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பால்சாமிக்கு அதில் ஆசை இருந்ததா என்று அவனை யாரும் கேட்டதில்லை, ராக்குவும்தான்.

1987 பங்குனி. வெள்ளிக்கிழமை பொங்கல். காப்புக் கட்டி விரதத்தில் இருந்த தனுஷ்கோடி, புதன்கிழமை காலையில் பீடத்தைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கப் போனான். போனவன் போன வேகத்தில் திரும்பி வந்தான். கொல்லைப்பக்கமாக வந்தான். முகத்தில் துண்டு.

தன் வீட்டுக்குத் தானே பதுங்கி வருகிறவனைப் பார்த்ததும் இருளம்மாள் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். துண்டை இழுத்தாள். இடது கண் இமையில் கொடுக்கு துருத்திக்கொண்டு நின்றது. மூன்று கேள்வியையும் கேட்டாள், மூன்றுக்கும் இல்லை என்றான். ஒரே சீவில் எடுத்துவிட்டாள். ஆனால் அதற்குள் இமை பணியாரம் மாதிரி உப்பிக் கண்ணை மூடிவிட்டது.

மற்றவனைக் கொட்டினால் அவன் தப்பு செய்தவன். சாமியாடியையே கொட்டினால்? சாமி இவனை வேண்டாம் என்று தள்ளிவிட்டதாகத்தான் ஊர் சொல்லும். ராக்கு அதைப் பறையடித்தே சொல்லுவாள்.

“இருளாயி, சாமி என்னைய வேணாம்னுருச்சா?” என்று கேட்டான்.

“தூசியக் கெளப்பிக் கூட்டுனா அது கொட்டாம கும்பிடவா செய்யும்? பேசாம உக்காருங்க.”

தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் இரண்டு நாளில் அந்தக் கண்ணைத் திறக்க வைக்க வேண்டும். கண் என்பதால் வெங்காயம் கூடாது, சுண்ணாம்பு கூடவே கூடாது. ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவளுக்குத் தன் வீட்டு வைத்தியத்தில் கையில் மிஞ்சியது வெறும் பானைத் தண்ணீர். துணியை நனைத்து நனைத்து வைத்தாள். பங்குனி வெயிலில் பானைத் தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ராக்கு வந்துவிட்டாள். உப்பு வாங்க வந்தாளாம். உப்பளத்திலிருந்து வந்த மருமகள் வீட்டில் உப்புக்கு என்ன பஞ்சம் என்று ஒரு சிரிப்பு வேறு. தனுஷ்கோடி சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

“என்னத்தா, உம்புருஷன் சொவத்தப் பாத்து உக்காந்துருக்கான்?”

“வெரதம் சின்னத்தா. யார் மொகத்தையும் பாக்கக் கூடாதாம்.”

“எந்த வருசமும் இல்லாத பழக்கமாவுல்ல இருக்கு.”

“எந்த வருசமும் சாமி சொல்லல. இந்த வருசம் சொல்லிருக்கு.”

ராக்கு உப்பை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று மறுபடியும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தனுஷ்கோடி அவள் போய் வெகுநேரம் ஆகியும் சுவரை விட்டுத் திரும்பவில்லை.

வியாழக்கிழமை காலையில் வீக்கம் கன்னம் வரைக்கும் பரவியிருந்தது. இருளம்மாளுக்கு அப்போதுதான் ஐஸ் ஞாபகம் வந்தது. அந்த வட்டாரத்தில் ஐஸ் இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். கீழக்கரையிலிருந்து சைக்கிளில் வருகிற காதர் மைதீனின் மீன் பெட்டி.

இங்கேதான் சங்கடம். காப்புக் கட்டியவன் வீட்டு வாசலை மீன் வாடைகூட மிதிக்கக் கூடாது. காதர் மைதீனும் அந்த மரியாதை தெரிந்தவர். பங்குனியில் அந்த ஒரு வாரம் ஊருக்குள் வராமல் விலக்கு ரோட்டோடு போய்விடுவார். இருளம்மாள் யோசித்தாள். சாமிக்குச் செய்கிற தப்பு ஒருபக்கம், புருஷனின் கண் ஒருபக்கம். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இரண்டு கல்லும் ஓடினாள்.

“சாளை இருக்கு, சூடை இருக்கு. ஆனா ஒங்க ஊருக்கு இந்த வாரம் ஆகாதேத்தா?” என்றார் காதர் மைதீன்.

“மீன் வேணாம்ணே. ஐசு மட்டும் குடுங்க.”

“மீன விட்டுட்டு ஐசக் கேட்ட மொத ஆளு நீதான்.” சிரித்துக்கொண்டே பெட்டியின் அடியிலிருந்து கட்டியாக உடைத்து வாளி நிறையப் போட்டார். காசு வாங்கவில்லை.

ஓடைத் தண்ணீரில் மூன்று தரம், வீட்டுக்கு வந்து மஞ்சள் தண்ணீரில் இரண்டு தரம் கழுவினாள். கழுவக் கழுவ ஐஸ்தான் கரைந்ததே தவிர வாடை போகவில்லை. துணியில் வேப்பிலையும் சேர்த்து முடிந்து இமையில் வைத்தாள். வைத்து எடுத்து, வைத்து எடுத்து, பொழுது சாய்கிறவரைக்கும் நகரவில்லை. தனுஷ்கோடி மூக்கை ஒருதரம் உறிஞ்சினான். பிறகு ஒன்றும் சொல்லாமல் படுத்திருந்தான். சாமி, என்ன கோவம் இருந்தாலும் எம்மேல வச்சுக்க, அந்த மனுசனை விட்டுரு என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை கண் பாதி திறந்தது. மீதிப் பாதியைச் சந்தனத்தால் மூடினாள். இடதுபக்கம் மட்டும் அப்பினால் சந்தேகம் வரும் என்று வலதுபக்கமும் அதே கனத்துக்கு அப்பி, மேலே விபூதியைப் பட்டை பட்டையாகப் போட்டுவிட்டாள். 

“சாமிக்கு இந்தத் தடவை ஏன் இம்புட்டுச் சந்தனம்?” என்று கேட்டார் அம்பலம்.

“வெயிலு அதிகம்ல மாமா” என்றாள்.

எல்லாம் சரியாகத்தான் போனது. பறை அடித்தார்கள், சாமி இறங்கியது. ஒற்றைக் கண்ணாலும் தனுஷ்கோடி நிமிர்ந்துதான் வந்தான். கெடுத்தது விறகு. முந்தினநாள் ராத்திரி பெய்த கோடைமழையில் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. ஊரே புளியமரத்தடியில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்க, எரிவதை விட்டுவிட்டுப் புகைதான் கிளம்பியது. புகை நேரே மேலே போய்க் கூட்டுக்குள் நுழைந்தது.

ஒரு கொத்து ஈ இறங்கியது. கூடு மொத்தமும் இறங்கியிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆளிருக்காது. இருளம்மாள் கத்தினாள்: “அடுப்புல தண்ணிய ஊத்துங்க! கைய வீசாதீக! மொகத்த மூடிக்கிட்டு எல்லாரும் ஊரணிக் கரைக்கு வாங்க!” பொங்கலுக்கு வைத்திருந்த தண்ணீரெல்லாம் அடுப்பில் விழுந்தது. ஜனங்கள் கரைக்கு ஓடினார்கள். அரிவாளோடு சாமியும் வந்து சேர்ந்தது.

கரையில் நின்ற கூட்டத்தை இருளம்மாள் ஒரு சுற்றுப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ பேருக்குக் கொட்டு விழுந்திருக்க வேண்டும். ஒருவர் முகத்திலும் அதன் அடையாளம் இல்லை. அம்பலம் தலைப்பாகையைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு மேகத்தைப் பார்த்தார். பால்சாமி முதுகைப் பனைமரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு நின்றான். வாத்தியார் இந்தத் தடவை கொட்டுக்குத் தப்பியிருந்தும் பழக்கத்தில் கன்னத்தில் கை வைத்து யோசனையில் இருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரே ஒருத்தி மட்டும் “அய்யோ, கொட்டிருச்சே, எரியுதே” என்று வாய்விட்டு அழுதாள். பால்சாமிக்குத் தை மாதம் கட்டிக்கொண்டு வந்த பெண், பூமயில். பரமக்குடிக்காரி. அந்த ஊர்ப் பல்வலியைப் பற்றி அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. கன்னத்தில் ஒன்று, கழுத்தில் ஒன்று, புறங்கையில் ஒன்று.

இருளம்மாள் ஓலையோடு ஓடிப்போய் மூன்றையும் சீவி எடுத்தாள். மூச்சு முட்டுதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே ராக்குவின் குரல் மேலே வந்து விழுந்தது.

“தள்ளித்தா இருளாயி! இம்புட்டுச் சனத்துல இவளை மட்டும் சாமி ஈ கொட்டிருக்குன்னா இவ என்ன செஞ்சா? எம்மகன் தலையில என்னத்தக் கட்டி அனுப்பிச்சாக? இந்தா சாமி நிக்கிது. சாமியே கேட்டுச் சொல்லட்டும்.”

பூமயில் அழுகையை நிறுத்திவிட்டாள். பயத்தில் அவளுக்கு அழக்கூட வரவில்லை. ஊர் முழுக்கத் தனுஷ்கோடியைப் பார்த்தது. அரிவாளோடு நிற்கிற சாமி கேட்டால் பதில் சொல்லித்தான் தீர வேண்டும். சாமி ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் அன்றைக்கே பரமக்குடி பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். 

தனுஷ்கோடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இருளம்மாளைப் பார்த்தான். அவன் என்ன செய்யப் போகிறான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையாட்ட நினைத்தாள், தலை ஆடவில்லை. அவன் அரிவாளைத் தரையில் வைத்தான். இடுப்புத் துண்டை அவிழ்த்து, ஊரணித் தண்ணீரில் நனைத்து, முகத்துச் சந்தனத்தை அழுத்தித் துடைத்தான். பாதி மூடின கண்ணும் வீங்கின கன்னமும் வெயிலில் எல்லாருக்கும் தெரிந்தன.

“பொதங்கெழமை என்னையக் கொட்டிருச்சு” என்றான். “அந்தப் புள்ளையக் கேக்குறதுக்கு முந்தி என்னையக் கேளுங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா சொல்லிப்புடுவேன்.”

அது சாமியின் குரல் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்க வராத அதே மெல்லிசுக் குரல்தான். அந்தக் குரல் ஊர்க் கூட்டத்தில் பேசி இருளம்மாள் கேட்பது அதுதான் முதல்தடவை. அவளுக்குப் பெருமையாக இருந்தது. எல்லாம் போச்சு என்றும் நினைத்தாள். இரண்டும் ஒன்றாகவே வந்தது.

அம்பலம் கூட்டத்தை விட்டு முன்னால் வந்தார்.

“எழுபத்து நாலுல எனக்கு வந்தது பல்லுவலி இல்லப்பா” என்றார். தலைப்பாகையை அவிழ்த்தார். காதுக்கு மேலே எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. “இது இப்ப விழுந்தது.”

அவ்வளவுதான், மடை உடைந்துவிட்டது. வாத்தியார் கடைவாய்ப் பல்லை வாபஸ் வாங்கினார். பால்சாமி பனைமரத்தை விட்டு விலகி, சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். எண்பதில் எனக்கு, எண்பத்து மூன்றில் எனக்கு, போன தீபாவளிக்கு எனக்கு என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல, எல்லார் கண்ணும் இருளம்மாள் பக்கம் திரும்பியது. இவளுக்கு எல்லாம் தெரியும், ஒன்றும் சொன்னதில்லை என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. அவள் எதையும் காதில் வாங்காதவள் மாதிரி அம்பலத்தின் காதுக்கு மேலிருந்த கொடுக்கைச் சீவிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு ராக்குவிடம் போனாள்.

“சின்னத்தா, கொண்டைக்குக் கீழ செவந்துருக்கு. குனிங்க, எடுத்துவிடுறேன்.”

ராக்கு குனிந்தாள். நிமிரவே ரொம்ப நேரம் ஆயிற்று.

அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து தங்கசாமி பேசினான். ஊரில் எந்த வீட்டுக் கோழி காணாமல் போனாலும் முதலில் தேடப்படுகிற ஆள் தங்கசாமி. பகலெல்லாம் அந்தப் புளியமரத்தடியில்தான் படுத்துத் தூங்குவான். அன்றைக்கு அங்கே இடமில்லாமல் வேறெங்கோ தூங்கி எழுந்து வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆச்சரியத்தோடு சொன்னான்:

“என்னைய ஒருநாளும் கொட்டுனதில்லையே!”

ஊரே அவனைத் திரும்பிப் பார்த்தது. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுக் கோழியை நினைத்துக்கொண்டார்கள். ராக்குவின் கறுப்புப் பெட்டை காணாமல் போய் அன்றைக்கு மூன்றாம் நாள். முதலில் சிரித்தவள் பூமயில். வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்க, பால்சாமி சிரிக்க, கரை முழுக்கச் சிரித்தது.

அம்பலம் அரிவாளை எடுத்து நீட்டினார். “கொட்டுப்படாதவன்தான் சாமி ஆடணும்னா, இந்தா, தங்கசாமி ஒருத்தன்தான் இருக்கான். குடுத்துருவமா? ராக்கு, நீ சொல்லு.”

ராக்கு கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். தங்கசாமிதான் பதறிப்போனான். “எனக்கு வேணாம்ங்க. வெரதம் இருக்கணும். கோழி திங்காம என்னால ஒருவாரம் முடியாது.”

அரிவாள் தனுஷ்கோடியின் கைக்கே திரும்பி வந்தது. சாமி மறுபடி இறங்கியதா என்று யாரும் கேட்கவில்லை. அவன் நிமிர்ந்து நடந்தான், எல்லாரும் விபூதி வாங்கிக்கொண்டார்கள். அதற்கப்புறம் செவ்வூரணியில் பல்வலி குறைந்துவிட்டது. கொட்டு வாங்கினவர்கள் கன்னத்தைத் திறந்துகொண்டு முன்வாசல் வழியாகவே வந்தார்கள். பொங்கலன்று கரையில் ஒரு பானைத் தண்ணீரும், ஓலை நறுக்கும், ஒரு கூடை வெங்காயமும் தயாராக இருக்கும். அடுப்புகள் மரத்தை விட்டு நாற்பதடி தள்ளிப் போயின.

இருளம்மாளுக்கு மட்டும் ஒரு தலைவலி பாக்கி. ஊரில் கொட்டு வாங்காதவர்கள் இரண்டே பேர் என்று கணக்காகிவிட்டது. ஒன்று அவள், இன்னொன்று கோழித் திருடன். தங்கசாமி அவளை எங்கே பார்த்தாலும் “நம்ம ரெண்டு பேரும்தான் மதினி” என்று உறவாகச் சிரிப்பான். இதற்குக் கொட்டே வாங்கியிருக்கலாம் என்று அவளுக்கு ஆத்திரமாக வரும்.

2009 பங்குனியில் அந்த ஆத்திரம் தீர்ந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பீடத்தைக் கூட்டப் போனவளின் காதுமடலில் ஒன்று வசமாகக் கொட்டிவிட்டது. காதைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடி வந்தாள். தனுஷ்கோடிக்கு வயது அறுபது தாண்டியிருந்தது. அந்த வருஷமும் அவன்தான் காப்புக் கட்டியிருந்தான்.

“உக்காரு. மூச்சு முட்டுதா?” என்றான்.

“இல்ல.”

“நாக்குத் தடிக்குதா? ஒடம்புல தடிப்பு?”

“இல்லங்க. சீக்கிரம் எடுங்க.”

ராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற மகனின் காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்று மாடத்தில் இருக்கும். ஓலையை விட அது நன்றாகச் சீவுகிறது என்று இப்போதெல்லாம் அவள் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் அதை எடுத்தான். ஒரே சீவு. சோப்புப் போட்டுக் கழுவினான். பிறகு பிரிட்ஜைத் திறந்து ஐஸைத் துணியில் முடிந்து, வேப்பிலையும் சேர்த்து, காதில் வைத்து அழுத்தினான்.

“நான் செஞ்ச தப்பு எனக்குத் தெரியும்” என்றாள் இருளம்மாள். “இருவத்திரெண்டு வருசம் கழிச்சுக் கொட்டிருக்கு. அன்னைக்கு ஒங்க கண்ணுக்கு வச்சேன்ல, அது காதர் மைதீன் அண்ணன் மீன் பெட்டி ஐசு. காப்புக் கட்டின ஒடம்புல வச்சேன். ஒங்ககிட்ட இம்புட்டு நாளாச் சொல்லல.”

“சாளை மீனு” என்றான் தனுஷ்கோடி.

“என்னது?”

“சாளை மீனு வாசம் எனக்குத் தெரியாதா? ரெண்டு கல்லு ஓடிப்போயி வாங்கிட்டு வந்தவகிட்ட என்னத்தச் சொல்றது?” அவன் துணியைத் திருப்பி வைத்தான். “மறுநா அந்தப் புள்ளைய நடுவுல நிறுத்தி நீ என்ன தப்பு செஞ்சன்னு கேட்டாகல்ல, எனக்கு அங்கன நீ நிக்கிற மாதிரியே இருந்துச்சு. அதான் வாயத் தொறந்தேன்.”

இருளம்மாளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவனுடைய தைரியம் எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறாள். சாமி கொடுத்தது என்றுகூட நினைத்திருக்கிறாள். ஐஸ் கரைந்து அவள் கழுத்தில் வழிந்தது. துடைக்காமல் அவன் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கசாமி வந்து நின்றான். அதற்குள் விஷயம் அவன் காதுக்குப் போயிருந்தது. காதில் பற்றுப் போட என்று ஒரு கோழிமுட்டையை நீட்டினான். யார் வீட்டு முட்டை என்று அவள் கேட்கவில்லை.

“என்ன மதினி,” என்றான் அவன், உண்மையாகவே கண் கலங்கி, “என்னைய மட்டும் இப்படி ஒத்தையில விட்டுட்டீகளே!”